மலையேறும் இரட்டை எஞ்சின்: மாதிரி ரயிலின் டிசிசி டிகோடரை நிரலாக்கும் முறை

செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் இறங்கும் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு, வண்டியின் முன்னால் ஓர் எஞ்சினும் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் நின்று தள்ளும் பேங்கர் எஞ்சின் ஒன்றும் பூட்டப்பட்டிருப்பது பழகிய காட்சி. அதே காட்சியை ஒரு மேசைமேல் மாதிரி ரயிலாக ஓட்ட விரும்புகிறவர், பழைய நேர்மின் முறையில் விரைவிலேயே ஒரு முட்டுக்கட்டையைச் சந்திப்பார். அந்த முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அதற்கேற்ப அதன்மேல் நிற்கும் எஞ்சின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை நகர்த்த வேண்டுமானால் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சுவிட்சு போட வேண்டும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல்) முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எந்த எஞ்சின், எந்தத் திசையில், எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற கட்டளையும் அதே மின்சாரத்தோடு சேர்ந்து போகும். அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகைதான் டிகோடர்.

அந்த டிகோடரை நம் எஞ்சினுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதைப் புதியவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரை. நிரலாக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கணினி மொழி ஏதோ கற்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி எதுவும் தேவையில்லை. டிகோடருக்குள் எண்ணிடப்பட்ட நினைவு அறைகள் உள்ளன, அவற்றைச் சி.வி. என்று அழைக்கிறார்கள். ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். எந்த அறையில் எந்த எண் இருந்தால் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்து, அந்த எண்ணை எழுதுவதுதான் முழு வேலையும். முக்கியமான அறைகளின் எண்களை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ தரப்படுத்தியிருப்பதால், எந்த நிறுவனத்தின் டிகோடராக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. டிசிசி முறையின் தொடக்கம் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது.

என் கருத்தில், புதியவர்களின் சிக்கல்களில் பெரும்பகுதி எண்களில் இல்லை. சக்கரத்தின் அழுக்கிலும் கம்பி இணைப்பிலும்தான் இருக்கிறது. ஆகவே எண்களுக்குப் போகும் முன் கொஞ்சம் பொறுமையாக மின் இணைப்பைப் பார்த்துவிடுவோம்.

தேவையான கருவிகள்

கட்டளைகளை உருவாக்கித் தண்டவாளத்துக்கு அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் ஒன்று வேண்டும். என்சிஇ பவர் கேப், ரோகோ இசட்21, டிஜிட்ராக்ஸ் செஃபிர் போன்றவை தொடங்குவோருக்கு ஏற்றவை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது விலையோடு சுங்கவரியும் காத்திருப்பும் சேரும் என்பதால், மின்னணுவியலில் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்தமூலத் திட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். ஓர் ஆர்டுயினோ மெகா பலகையும் அதன்மேல் பொருந்தும் மோட்டார் ஷீல்டும் போதும். இவை சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்லாமல் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. ஷீல்டின் ஒரு வழியை ஓடுதடத்துக்கும் மற்றொரு வழியை நிரலாக்கத் தடத்துக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். ஆர்டுயினோ நிறுவனத்தின் பழைய மோட்டார் ஷீல்டைப் பயன்படுத்துகிறவர்கள், தடத்துக்குக் கொடுக்கும் 12 முதல் 15 வோல்ட் மின்சாரம் கீழே உள்ள மெகா பலகைக்குள் நுழையாதபடி, ஷீல்டின் அடியில் அதற்கென உள்ள இணைப்புக் கோட்டை வெட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் மின்சாரம் கொடுத்தால் மெகா பலகையே கருகிப்போகலாம்.

கணினி இருந்தால் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளையும் நிறுவிக்கொள்ளுங்கள். அதன் ஒரு பகுதியான டிகோடர்புரோ, சி.வி. எண்களை மனப்பாடம் செய்யும் தேவையைப் பெருமளவு குறைத்துவிடும். ஆயினும் முதல் எஞ்சினையாவது கையாலேயே எண் எண்ணாக எழுதிப் பார்ப்பது நல்லது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் மென்பொருள் தவறு காட்டும்போது பதற்றம் வராது.

இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், மெல்லிய முனையுள்ள சால்டரிங் இரும்பு, வெப்பத்தில் சுருங்கும் உறைக்குழாய், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி ஆகியவை போதும்.

டிகோடரைப் பொருத்துவதற்கு முன்

முதலில் எஞ்சினை டிகோடர் இல்லாமல் பழைய நேர்மின் முறையில் ஓட்டிப் பாருங்கள். அப்போதே திக்கித் திணறுகிற எஞ்சின் டிகோடர் பொருத்திய பிறகு சீராகிவிடாது. பற்சக்கரத்தில் உறைந்த பழைய கிரீசையும் சக்கரத்தின் கறுப்புப் படிவையும் நீக்கிய பிறகே மேலே செல்ல வேண்டும். அடுத்ததாக, எஞ்சின் 12 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரத்தை விரலால் ஒரு கணம் அழுத்தி நிறுத்தி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை மீட்டரில் பாருங்கள். அந்த அளவு, வாங்கவிருக்கும் டிகோடரின் உச்ச மின்னோட்ட அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எச்ஓ (1:87) அளவு மாதிரிகளுக்கான டிகோடர்கள் பொதுவாக 1 ஆம்பியர் அளவில் தொடர்ந்து தாங்கக்கூடியவை; அதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு மாதிரிகளுக்கானவை அதைவிடக் குறைவாகத் தாங்கும்.

அண்மைக்கால எஞ்சின்களில் டிகோடருக்கென்றே சாக்கெட் இருக்கும். 8 முள் கொண்டது, 21 முள் கொண்டது, புளக்ஸ்22, நெக்ஸ்ட்18 என்று பல வகைகள் உள்ளதால், எஞ்சினைத் திறந்து பார்த்து அதற்குப் பொருந்தும் டிகோடரையே வாங்குங்கள். 8 முள் பிளக்கைத் தலைகீழாகச் செருகிவிட முடியும் என்பதால், பலகையில் 1 என்ற குறி எங்கே இருக்கிறது என்பதைச் செருகும் முன்பே பாருங்கள்.

சாக்கெட் இல்லாத பழைய எஞ்சினில் கம்பிகளை நாமேதான் பற்றவைக்க வேண்டும். கம்பி நிறங்களும் தரப்படுத்தப்பட்டவை: சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடது தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாரின் இரு முனைகளுக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொதுவான நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, பச்சையும் ஊதாவும் கூடுதல் செயல்களுக்கு. எல்.இ.டி. விளக்கானால் ஒவ்வொன்றோடும் 1 கிலோஓம் அல்லது அதற்கு மேற்பட்ட மின்தடையைத் தொடரில் இணைக்க வேண்டும். இதில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: மோட்டாரின் இரண்டு முனைகளும் தண்டவாளத்தோடும் எஞ்சினின் உலோகச் சட்டத்தோடும் எந்தத் தொடர்பும் இல்லாமல் முழுவதும் தனித்திருக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை சட்டத்தையே மின்வழியாகக் கொண்டிருக்கும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, மோட்டார் முனைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையே சோதியுங்கள். எங்காவது ஒலி கேட்டால் டிகோடரை இணைக்காதீர்கள். தண்டவாள மின்சாரம் நேராக அதன் மோட்டார் வழிக்குள் புகுந்து நொடியில் எரித்துவிடும்.

நிரலாக்கத் தடம்

ஓடுதடத்திலிருந்து முற்றிலும் பிரிந்த, ஓர் எஞ்சின் நிற்கும் அளவுக்கு நீளமான தடம் ஒன்றை ஒதுக்குங்கள். கமாண்ட் ஸ்டேஷனில் நிரலாக்கத்துக்கென்று உள்ள வெளிவழியை அதில் இணைக்க வேண்டும். அந்த வழியில் மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். தரப்படி ஏறத்தாழ 250 மில்லிஆம்பியர்தான். கம்பி இணைப்பில் பிழை இருந்தாலும் டிகோடர் உயிர்தப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடே காரணம் என்பதால், புதிதாகப் பொருத்திய எஞ்சினை முதன்முதலில் இந்தத் தடத்தில்தான் வைக்க வேண்டும். ஆர்வத்தில் நேராக ஓடுதடத்தில் வைப்பவர்கள் பல ஆம்பியர் மின்னோட்டத்தை அந்தப் பிழைக்கு விருந்தாக வைக்கிறார்கள்.

இந்தத் தடத்தில் எழுதப்படும் கட்டளைக்கு, எந்த எஞ்சினுக்கு என்று குறிக்கும் முகவரி எண் கிடையாது. தடத்தில் எந்த எஞ்சின் நின்றாலும் அது கேட்டுக்கொள்ளும். இரண்டு நின்றால் இரண்டும் கேட்டுக்கொள்ளும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

டிகோடரிடமிருந்து பதில் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்கள் தீரும். டிகோடருக்குப் பேச வாய் இல்லை. ஒவ்வோர் அறையிலும் உள்ள எண், 0 அல்லது 1 ஆன எட்டுப் பிட்டுகளாகப் பதிந்திருக்கும். கமாண்ட் ஸ்டேஷன் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வியைத்தான் அதனிடம் கேட்கிறது: "இந்த அறையின் முதல் பிட் 1 தானா?" ஆம் என்றால், டிகோடர் தன் மோட்டாரை ஏறத்தாழ 6 மில்லிநொடி நேரம் இயக்கி, குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும். இல்லை என்றால் சும்மா இருக்கும். இப்படி எட்டுப் பிட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் முழு எண்ணையும் சொல்லிச் சரிதானா என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்ட பிறகே திரையில் எண் தோன்றும். சி.வி.யைப் படிக்கும்போது எஞ்சின் தும்முவதுபோல் சிறிது துடித்துத் துடித்து நகர்வது இதனால்தான்.

இதிலிருந்து பல முடிவுகள் கிடைக்கின்றன. மோட்டார் கம்பி விடுபட்டிருந்தால் டிகோடர் எழுதியதை ஏற்றுக்கொண்டாலும் பதில் சொல்ல முடியாது. சக்கரத்தில் அழுக்கு இருந்தால் ஒரு பிட்டின் பதில் தவறிப்போய், படித்த எண் மாறிவிடும் அல்லது படிக்க முடியவில்லை என்ற செய்தி வரும். மின்சாரம் ஒரு கணம் விடுபடுவதைச் சமாளிக்க டிகோடரோடு இணைத்திருக்கும் பெரிய மின்தேக்கி, அந்தச் சிறு மின்னோட்ட எழுச்சியை விழுங்கிவிடும். ஆகவே அதைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டே நிரலாக்க வேண்டும். ஒலி டிகோடர்கள் சில, விழித்தெழும்போதே இந்தத் தடம் தரும் மின்னோட்டத்துக்கு மேல் கேட்பதால், அவற்றைப் படிக்கத் தனிப் பூஸ்டர் தேவைப்படலாம்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆனியில் தொடங்கிக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றின் ஈரம், தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் வீட்டுக்குள் இருக்கும் தண்டவாளத்தின் மீதும் மெல்லிய படிவை உண்டாக்கிவிடும். அந்த மாதங்களில் நிரலாக்குவதற்கு முன் தடத்தையும் சக்கரத்தையும் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அது விட்டுச்செல்லும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

முதலில் படியுங்கள், பிறகு எழுதுங்கள்

எஞ்சினை நிரலாக்கத் தடத்தில் வைத்ததும் எதையும் எழுதாமல் சி.வி. 8-ஐப் படியுங்கள். அது தயாரித்த நிறுவனத்தின் எண்ணைச் சொல்லும். ஈஎஸ்யு என்றால் 151, சிமோ 145, லென்ஸ் 99, டிஜிட்ராக்ஸ் 129, என்சிஇ 11, சவுண்ட்டிராக்ஸ் 141, டிசிஎஸ் 153. இது சரியாக வந்தால் தடம், சக்கரம், கம்பி, மோட்டார், டிகோடர் எல்லாமே நலம் என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். வராவிட்டால் அங்கேயே நின்று இணைப்புகளைத் திரும்பப் பாருங்கள். சி.வி. 7 டிகோடரின் பதிப்பு எண்ணைச் சொல்லும்.

பிறகு சி.வி. 1, 2, 3, 4, 5, 6, 29 ஆகியவற்றைப் படித்து, ஆலையிலிருந்து வந்த எண்களை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஏதாவது குழம்பும் நாளில் அந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

முகவரி

புதிய டிகோடர் எதுவாக இருந்தாலும் முகவரி 3 என்ற எண்ணோடு வரும். எல்லா எஞ்சின்களையும் அப்படியே விட்டுவிட்டால், மூன்றை அழைத்ததும் எல்லாம் கிளம்பிவிடும். சிறிய முகவரியைச் சி.வி. 1-இல் எழுத வேண்டும். தரப்படி 1 முதல் 127 வரை, சில கமாண்ட் ஸ்டேஷன்களில் 99 வரை மட்டுமே.

எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே முகவரியாக வைக்கத்தான் நம்மில் பெரும்பாலோர் விரும்புகிறோம். அதற்கு நீண்ட முகவரி தேவை. சி.வி. 17, சி.வி. 18 என்ற இரண்டு அறைகளில் அது பிரித்து வைக்கப்படும். 10239 வரை எழுதலாம். கணக்கு எளிது: எண்ணை 256 ஆல் வகுத்து, ஈவோடு 192-ஐக் கூட்டிச் சி.வி. 17-இலும், மீதியைச் சி.வி. 18-இலும் எழுத வேண்டும். செங்கோட்டை–புனலூர் பாதை மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின்களின் எண்கள் ஆறாயிரங்களில் அமைந்த நான்கிலக்க எண்கள் என்பதால் அப்படியே பொருந்தும். 6245 என்று வைத்துக்கொள்வோம். 256 ஆல் வகுத்தால் ஈவு 24, மீதி 101. ஆகவே சி.வி. 17-இல் 216, சி.வி. 18-இல் 101.

அகலப்பாதை எஞ்சின்களின் எண்கள் ஐந்திலக்கம் கொண்டவை. டபிள்யூஏபி-7 வகை மின் எஞ்சின்களின் எண்கள் முப்பதாயிரங்களில் தொடங்குகின்றன. அந்த எண் எல்லைக்குள் வராது என்பதால் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்வதே வழக்கம். இரண்டு எஞ்சின்களுக்குக் கடைசி நான்கிலக்கம் ஒன்றாகிவிடும் வாய்ப்பு வீட்டுத் தொகுப்பில் மிகக் குறைவு.

முகவரி என்ற பட்டியல் வழியாக எழுதினால் பல கமாண்ட் ஸ்டேஷன்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டு, அடுத்துச் சொல்லவிருக்கும் சி.வி. 29-ஐயும் மாற்றிவிடும். அறை அறையாகக் கையால் எழுதுகிறவர்கள்தான் அதை மறக்கக் கூடாது.

சி.வி. 29

புதியவர்களை அதிகம் குழப்புவது இந்த ஒரு அறை. மற்ற அறைகளில் ஓர் எண் ஒரு பொருளைக் குறிக்கும். இதிலோ ஒரே எண்ணுக்குள் பல சுவிட்சுகள் அடங்கியிருக்கின்றன. வேண்டிய சுவிட்சுகளின் மதிப்புகளைக் கூட்டி எழுதினால் போதும்.

மதிப்பு 1: எஞ்சினின் முன்பக்கம் எது என்பதை மாற்றும்.
மதிப்பு 2: 28 அல்லது 128 வேகப்படிகள், இல்லாவிட்டால் பழைய 14 படிகள்.
மதிப்பு 4: பழைய நேர்மின் தடத்திலும் ஓட அனுமதி.
மதிப்பு 8: ரெயில்காம் என்ற மறுமொழி வசதி.
மதிப்பு 16: சி.வி. 67 முதல் 94 வரை உள்ள வேக அட்டவணையைப் பயன்படுத்தல்.
மதிப்பு 32: நீண்ட முகவரியைப் பயன்படுத்தல்.

ஆலையிலிருந்து பெரும்பாலும் 6 என்று வரும். அதாவது 2-உம் 4-உம். மேலே சொன்ன 6245 எஞ்சினுக்கு நீண்ட முகவரி வேண்டும் என்பதால் 32-உம் 2-உம் சேர்த்து 34 என்று எழுதலாம். 4 என்ற மதிப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நேர்மின் அனுமதி இருக்கும் எஞ்சின், தடத்தில் டிசிசி கட்டளை இல்லாமல் வெறும் மின்னழுத்தம் மட்டும் வரும் ஒரு கணத்தில், அதை ஓடச்சொன்னதாக எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் பாய்ந்துவிடக்கூடும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் வசிக்கிறவர்கள், மேசை விளிம்பில் எஞ்சினைப் பறிகொடுக்காமல் இருக்க இந்தச் சுவிட்சை அணைத்துவைப்பது நல்லது.

மதிப்பு 1-இன் பயன் நம் எஞ்சின்களில் நன்றாகத் தெரியும். ஒரே ஓட்டுநர் அறை கொண்ட டபிள்யூடிஜி-4 போன்ற எஞ்சின்கள் நீண்ட மூக்கை முன்னால் வைத்தும் ஓடியிருக்கின்றன. உங்கள் மாதிரியில் அதையே முன்பக்கமாக்க வேண்டும் என்றால் 34-ஐ 35 ஆக்குங்கள். ஓடும் திசையும் விளக்கும் சேர்ந்தே மாறும். ஆரஞ்சு, சாம்பல் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தால் ஓடும் திசை மட்டும் மாறி, விளக்கு பழையபடியே எரியும். முன்னால் ஓடும் எஞ்சினுக்குப் பின்விளக்கு எரிவது பெரும்பாலும் கம்பி மாறிய பிழையே.

மதிப்பு 2 விடுபட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். கமாண்ட் ஸ்டேஷன் 28 படிகளில் பேச, டிகோடர் 14 படிகளில் கேட்டுக்கொண்டிருக்கும். வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டும்போது முன்விளக்கு ஒரு படியில் எரிந்து, அடுத்த படியில் அணைந்து, மறுபடியும் எரியும். இதைக் கண்டால் விளக்கைக் கழற்றிப் பார்க்காதீர்கள், சி.வி. 29-ஐப் பாருங்கள்.

வேகமும் உந்தமும்

இனி எஞ்சினை ஓடுதடத்துக்குக் கொண்டுவரலாம். முகவரியைச் சொல்லி அழைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சி.வி.யை மாற்றும் முறை இங்கே உதவும். அந்த முறையில் குறிப்பிட்ட முகவரியுள்ள எஞ்சின் மட்டுமே கேட்கும் என்பதால் மற்றவை தடத்தில் நின்றாலும் கவலையில்லை. ஆனால் ரெயில்காம் இல்லாத அமைப்பில் எழுதியது போய்ச் சேர்ந்ததா என்ற பதில் வராது, எஞ்சினின் நடத்தையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். முகவரியை மட்டும் இந்த முறையில் மாற்றாமல், நிரலாக்கத் தடத்திலேயே மாற்றுவது நல்லது.

முதலில் சி.வி. 3, சி.வி. 4 இரண்டையும் 0 ஆக்குங்கள். வேகம் கூடும், குறையும் விதத்தை மெதுவாக்கும் இவை இருக்கும்போது மற்றவற்றை அளக்க முடியாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முதல் படியில் வைத்து, சக்கரம் சுழலத் தொடங்கும்வரை சி.வி. 2-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு இன்னும் எளிதாக நகரும் என்பதால், சில சுற்றுகள் ஓடவிட்டுப் பிறகு இதைச் செய்யுங்கள்.

அடுத்து உச்ச வேகம், சி.வி. 5. கடையிலிருந்து வரும் மாதிரி எஞ்சின்கள் பெரும்பாலும் உண்மை எஞ்சினின் அளவீட்டு வேகத்தைத் தாண்டி ஓடும். மலைப்பாதைக்கு அது கண்ணுக்கு உறுத்தும். எச்ஓ அளவு 1:87 என்பதால், மணிக்கு 30 கி.மீ. என்ற வேகம் மேசையில் நொடிக்கு ஏறத்தாழ 9.6 செ.மீ. ஆகிறது, அதாவது 1 மீட்டர் தடத்தைக் கடக்கப் பத்து நொடிக்குச் சற்று மேல். கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தை மாதிரியாகச் செய்து வைத்திருப்பவர்கள் இந்த வேகத்தில் ஒருமுறை வண்டியை ஏற்றிப் பாருங்கள். அதைவிட விரைவாக ஓட்ட மனம் வராது. தடத்தில் 1 மீட்டரை அளந்து குறியிட்டு, கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தோடு சி.வி. 5-ஐக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சி.வி. 6 நடு வேகம்; சி.வி. 2-க்கும் 5-க்கும் நடுவில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே வைத்தால் மெதுவான வேகங்களில் த்ராட்டில் நயமாக இருக்கும்.

இப்போது சி.வி. 3-க்கும் 4-க்கும் திரும்பலாம். தரத்தின் கணக்குப்படி, சி.வி. 3-இல் உள்ள எண்ணை 0.896 ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்தை எட்டும் நொடிகள் கிடைக்கும். 20 என்றால் ஏறத்தாழ 18 நொடி. சில நிறுவனங்கள் வேறு பெருக்கெண்ணைக் கொள்வதால் கையேட்டையும் பாருங்கள். சி.வி. 4-ஐ மிகையாக வைக்காதீர்கள். நிறுத்தச் சொன்ன பிறகும் வண்டி தானாக உருண்டுகொண்டே போய் முட்டுக்கட்டையில் மோதும்போது, அதன் அழகு மறைந்துவிடும்.

பேங்கர்

இரண்டு எஞ்சின்களை ஒரே வண்டியில் பூட்ட வேண்டுமானால், அவை ஒரே த்ராட்டில் படியில் ஒரே வேகத்தில் ஓடும்படி முதலில் இணக்க வேண்டும். இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் பூட்டாமல் ஓடவிட்டு, தொடக்கம், நடு, உச்சம் ஆகிய மூன்று வேகங்களிலும் இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். விரைவாக ஓடுவதை மெதுவானதற்கு இறக்குங்கள்; மெதுவானதை அதன் உச்சத்துக்கு மேல் ஏற்ற முடியாது. மூன்று புள்ளிகளில் சரியாகாவிட்டால், சி.வி. 29-இல் 16-ஐக் கூட்டி 28 படிகளுக்கும் தனித்தனி எண் தரும் வேக அட்டவணைக்குப் போக வேண்டும்; அதை டிகோடர்புரோ இல்லாமல் கையால் செய்வதைப் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியின் கடைசியில் நின்று தள்ளும் எஞ்சின் முன் எஞ்சினைவிட மயிரிழை மெதுவாக இருக்கட்டும். விரைவாக இருந்தால், கனமில்லாத நடுப் பெட்டிகள் வளைவில் நெருக்குண்டு தடம் புரளும்.

பிறகு இரண்டின் சி.வி. 19-இலும் பொதுவான ஒரு முகவரியை எழுதுங்கள். 25 என்று வைத்துக்கொள்வோம். பேங்கர் எதிர்த்திசை நோக்கிப் பூட்டப்பட்டிருந்தால், அதற்கு மட்டும் 128-ஐக் கூட்டி 153 என்று எழுத வேண்டும். இப்போது 25-ஐ அழைத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். விளக்கும் ஒலியும் இந்தப் பொதுமுகவரியைக் கேட்க வேண்டுமா என்பதைச் சி.வி. 21, 22 தீர்மானிக்கின்றன. வண்டி நடுவே பார்க்கும் விளக்கு எரியாமல் வைக்க இவை உதவும். இணைப்பைப் பிரிக்க, சி.வி. 19-இல் 0.

இந்த 0-ஐ மறப்பதுதான் நான் கேள்விப்படும் குறைகளில் மிகப் பெரும்பான்மை. புனலூரிலிருந்து வரும் நண்பர் ஒருவர், தமிழும் மலையாளமும் கலந்து, "அண்ணாச்சி, வண்டி அனங்ஙுன்னில்ல, ஆனா லைட்டு மட்டும் எரியுது" என்று எஞ்சினை நீட்டுவார். விளக்கு எரிந்து வண்டி நகராவிட்டால் டிகோடர் பழுதில்லை. சி.வி. 19-இல் எண் இருக்கும்வரை எஞ்சின் தன் சொந்த முகவரிக்கு வரும் வேகக் கட்டளையை மதிக்காது. அதில் 0 எழுதிக் கொடுத்ததும் வண்டி ஓடும்.

விளக்கும் ஒலியும்

எந்தப் பொத்தான் எந்த விளக்கை இயக்கும் என்பதைச் சி.வி. 33 முதல் 46 வரை வரையறுக்கின்றன. நம் எஞ்சின்களின் மஞ்சள் அபாய விளக்கைப் பச்சைக் கம்பியில் இணைத்து, அந்த வழிக்கு மின்னும் விளைவைத் தேர்ந்தால் அழகாக இருக்கும். ஆனால் ஈஎஸ்யு போன்ற டிகோடர்களில் இந்த அமைப்புகள் 257-க்கு மேற்பட்ட அறைகளில் உள்ளன. அங்கே போவதற்கு முன் சி.வி. 31, 32 இரண்டிலும் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று எழுத வேண்டும். இதையும் மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். ஒலி டிகோடர் வாங்குகிறவர்கள், டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-3ஏ ஆகியவற்றுக்கு 16 சிலிண்டர் ஆல்கோ 251 எஞ்சினின் ஒலியையும், டபிள்யூடிஜி-4-க்கு 16 சிலிண்டர் இஎம்டி 710-இன் ஒலியையும் கேட்டு வாங்கினால் அமெரிக்க எஞ்சினுக்காகப் பதிவுசெய்த ஒலியே நம் வண்டிக்கும் பொருந்தும்.

எல்லாம் குழம்பிவிட்டால்

எழுதியது ஏறவே இல்லை, படித்தால் மட்டும் பழைய எண்ணே வருகிறது என்றால், சி.வி. 15-உம் 16-உம் கொண்ட பூட்டு போடப்பட்டிருக்கலாம். இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் டிகோடர் மாற்றத்தை ஏற்கும். எல்லாப் பழுதும் தேடியும் காரணம் பிடிபடவில்லை என்றால், ஈஎஸ்யு, சிமோ, டிஜிட்ராக்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்களின் டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் எல்லா அறைகளும் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். என்சிஇ டிகோடரில் அதற்குச் சி.வி. 30-இல் 2 எழுத வேண்டும். மீட்டமைத்த பிறகு மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திக் கொடுத்து, முகவரி 3 என்று அழையுங்கள். பழைய 6245 என்ற முகவரியை அழைத்துவிட்டு வண்டி நகரவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு குறிப்பேட்டில் எழுதிவைத்த எண்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி, ஒவ்வொன்றுக்கும் பின் எஞ்சினை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எந்த எண்ணில் கோளாறு தொடங்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.